கேள்வித் தவம்: அபிஷிக்தானந்த அடிகள் வரலாறு

ஞானம் கைகூடுதற்குரிய நெறியை நான்காக வகுத்த நம் ஆசிரியன்மார், அவற்றுள் கேட்டலை முதற்கண் வைத்தனர். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் இம்முறை சிவஞான சித்தியார் பயின்றார் யாவரும் அறிந்ததே. முதற்கண் நிற்றலின் கேட்டல் எளிதென்றும், பின்னையவற்றிற்கு ஏறிச்செல்லும் ஒரு படி மாத்திரையே என்றும் கருதுவார் பலர். பாடங்கேட்டு முடிந்தது என்று கூறும் வழக்கும் நம்மிடையே உண்டு. கேட்டல் அங்ஙனம் ஒரு நாளில் முடிந்துபோவதொன்றன்று. கேட்பான் உள்ளத்தில் முன்பு குடிகொண்டிருந்தவற்றை அசைத்து வெளியேற்றிய பின்னரே நிறைவுறும் தவம் அது என்பது எமது துணிபு. இத்துணிபிற்குச் சான்றாகப் புறச்சமயத் துறவி ஒருவருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தாம்.

யாம் வாழும் நாஞ்சில் நாட்டிற்குக் கிறித்து சமயம் புதியதன்று. 1544-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் இப்பகுதிக் கடற்கரையூர்களில் நடந்து எண்ணிறந்தோரை அச்சமயத்திற் சேர்த்தார். கோட்டாற்றில் அவர் பெயராற் பெருங்கோயில் ஒன்று உளது. 1806-ஆம் ஆண்டில் இரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்து சீர்திருத்த சபையினை ஊன்றினார். இவர்கள் எல்லாம் சொல்லுதற்கு வந்தவர்கள். சவேரியார் தெருத்தோறும் கைம்மணி அடித்து மக்களைக் கூட்டி உபதேசித்தவர். ஆகலின், கிறித்து சமயம் என்ற அளவில் நம்மவர் உள்ளத்தில் முன்வந்து நிற்பது பிரசங்கமே. வாயடக்கிச் செவியைத் திறந்திருத்தலையே வாழ்வாகக் கொண்ட துறவோர் அச்சமயத்திலும் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக உளர் என்பதை நம்முட் பலர் அறியார்.

அத்துறவோர் மரபுகளுட் பெரியதொன்று பெனடிக்டர் வகுத்தது. இவர் 480-ஆம் ஆண்டையொட்டி இத்தாலி நாட்டு நூர்சியா என்னும் ஊரிற் பிறந்து, மோன்டே காசினோ என்னும் மலைமேல் மடம் அமைத்து, 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கு நூல் ஒன்று செய்தார். கேட்குமாறு ஏவும் வினைச்சொல்லே அந்நூலின் முதற்சொல்லாம். சொல்லுதல் ஆசிரியனுக்கும், பேசாதிருந்து கேட்டல் மாணாக்கனுக்கும் உரியன என்பது அதன் கோட்பாடு. உண்ணும் பொழுது ஒருவர் நூல் வாசிக்க ஏனையோர் வாய்திறவாது கேட்டல் வேண்டும். வேண்டுவனவற்றைக் குறிப்பாற் பெறல் வேண்டும். இரவு வழிபாடு முடிந்தபின் எவரும் பேசலாகாது. இவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொரு விதி. மடத்துப் பெருங்காரியம் ஒன்றை ஆராயுங்கால் மடத்தலைவர் அனைவரையும் கூட்டி இளையோர் கூறுவதனையும் கேட்டல் வேண்டும். இறைவன் இளையோன் ஒருவனுக்கே நன்றாவதைப் புலப்படுத்தலும் உண்டு என்பதே அது. சகலாகம பண்டிதராய்க் குலகுருவாய் வீற்றிருந்த அருணந்தி சிவாசாரியார், இளஞ்சிறாராகிய மெய்கண்டார்முன் வினாவொன்றோடு வந்து நின்று, அவருடைய நோக்கம் ஒன்றானே செருக்கறுந்து மாணாக்கராய வரலாற்றை ஓதும் நமக்கு இவ்விதியின் அருமை இனிது விளங்கும்.

இம்மரபில் வந்து, தமிழ்நாட்டில் வாழ்ந்து, தாம் எண்ணி வந்ததற்கு மாறாகக் கேட்கும் நிலை எய்தியவரே நம் வரலாற்றுத் தலைவர். ஹென்றி லெ சோ என்பது அவர் இயற்பெயர். பிரஞ்சு நாட்டின் மேலைக்கோடியாகிய பிரித்தானிப் பகுதியில் சேன் பிரியாக் என்னும் கடற்கரையூரில் 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ஆம் நாள் தோன்றினார். 1929-ஆம் ஆண்டில் கெர்கோனான் என்னும் இடத்திலுள்ள பெனடிக்டர் மடத்தை அடைந்தார். 1935-ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப்போரிற் படைக்கு அழைக்கப்பெற்று, 1940-ல் பகைவர் கையகப்பட்டும் தப்பி மடம் மீண்டார். மடத்துப் புத்தகசாலையைக் காத்தலும் வழிபாட்டுச் சடங்குகளை முறைப்படுத்தலும் அவர் பணிகள். நாடோறும் குறித்த காலந்தோறும் துறவியர் ஒருங்குகூடி இசையோடு ஓதும் சங்கீதங்களின் நடுவே அவர் வாழ்வு சென்றது. பத்தொன்பதாண்டுகள் இங்ஙனம் செவி பழகிற்று.

இந்திய நாட்டிற்குச் செல்லவேண்டும் என்னும் வேட்கை 1934-ஆம் ஆண்டளவிலேயே அவர்பால் எழுந்தது. 1947-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மேற்றிராணியாருக்கு விண்ணப்பித்தார். அக்கடிதத்திற்கு விடை வரைந்தவர், 1939 முதல் இந்நாட்டில் வாழ்ந்து குளித்தலையில் குருப்பணி ஆற்றிவந்த ஜூல்ஸ் மோன்ஷனேன் என்னும் பிரஞ்சுக் குரவர். லெ சோ 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் கொழும்புத் துறையில் வந்து இறங்கித் தமிழ்நாடு புகுந்தார். அதன்பின் தம் தாய்நாட்டை அவர் மீட்டுங் கண்டிலர்.

1950-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள், பெனடிக்டர் திருநாளில், இருவருமாகக் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரை மாந்தோப்பில், சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். சாந்திவனம் என்பது அதற்கு வழங்கும் பெயர். அப்பர் பெருமான் பாடிய கடம்பந்துறையும், வாட்போக்கி மலையும் அதற்கு அணித்தேயுள்ளன. இருவரும் காவியுடுத்து, வெறுங்காலராய், மரக்கறியுணவினராய்க் கீற்றுக் குடிலில் வாழ்ந்தனர். மோன்ஷனேன் பரம அரூபி ஆனந்தர் என்றும், லெ சோ அபிஷிக்தேசுவரானந்தர் என்றும் பெயர் பூண்டனர். பின்னது அபிஷிக்தானந்தர் எனச் சுருங்கி வழங்கலாயிற்று.

ஈண்டு ஒன்று மறையாது கூறுதல் கடன். கிறித்தவர் காவியுடுத்தலை ஆள்பிடிக்கும் உபாயமென ஐயுறுவார் நம்மவருள் உளர். அவ்வையம் முற்றும் அடிப்படையற்றதென்று யாம் சொல்லேம். 1951-ஆம் ஆண்டில் இவ்விருவரும் தம் ஆசிரமத்தைப்பற்றி வெளியிட்ட நூலை நோக்கின், பாரதநாட்டு ஞானமெல்லாம் கிறித்துவினிடத்தே நிறைவுபெறல் வேண்டும் என்பதே அவர்தம் கருத்தெனத் தெரியும். நம் சமயத்தைத் தம் சமயத்திற்கு முற்படியாகவே கொண்டனர். அக்கருத்தோடு வந்தவரைக் கேள்வி என்னும் தவம் எங்ஙனம் கொண்டுசென்றது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

அது தொடங்கிய இடம் திருவண்ணாமலை. ஆசிரமம் அமைவதற்கு முன்னரே, 1949-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், மோன்ஷனேனோடு அவர் இரமண முனிவரைக் காணச் சென்றார். நூல்களிற் படித்தவற்றால் ஏதோ ஒரு பேரொளியைக் காண்போம் என எதிர்நோக்கிச் சென்றவர், கண்டது கனிந்த முகமும் நரைத்த தலையும் உடைய ஒரு முதியவரையே. உள்ளம் ஏமாற்றமுற்றது. அங்குத் தங்கியிருந்த ஆங்கில மாது ஒருவர் இவர் நிலையறிந்து, முன்னமே வகுத்துக்கொண்ட எண்ணங்களைச் சுமந்து வந்தமையானும், இன்னவாறே அருள் தோன்றல் வேண்டுமென இவரே வரையறை செய்தமையானும் ஒன்றும் கேளாதாயிற்றென்றும், வெறுமையாய் இருந்து பார்த்தல் வேண்டுமென்றும் எடுத்துரைத்தார். அன்றிரவே கடுஞ்சுரம் கண்டது. சுரத்தால் அறிவின் காவல் தளர்ந்த நிலையில், காலையும் மாலையும் முனிவர் திருமுன்னர் ஓதப்பெற்ற வேத ஒலி உள்ளே புகுந்து நின்றது. தம் ஊருக்கு மீண்ட பின்னரும் அது அவரை விட்டகன்றிலது. பத்தொன்பதாண்டு மடத்திற் பழகிய செவி, ஆராய்ச்சியைக் கைவிட்ட ஓரிரவிலேதான் உண்மையிற் கேட்டது. கல்வி கேள்விக்குத் துணையாதல்போலவே தடையாதலும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

1950-ஆம் ஆண்டு ஏப்பிரல் 14-ஆம் நாள் இரமணர் திருவடி நீழல் எய்தினார். ஆசிரியர் மறைந்தும் மலை மறைந்திலது. 1952 முதல் 1955 வரை அபிஷிக்தானந்தர் அருணாசலத்துக் குகைகளிற் பலமுறை தங்கி மௌனம் காத்தார். மலையே இலிங்கமாகிய அத்தலத்தின் மாண்பை யாம் இவ்விதழ் படிப்போர்க்குக் கூறவேண்டுவதில்லை. தட்சிணாமூர்த்தியின் சொல்லாத சொல்லைக் கேட்ட நால்வர்போல, இவரும் கல்லின் மௌனத்தைக் கேட்கக் கற்றார்.

1955-ஆம் ஆண்டு டிசம்பரில் திருக்கோவலூர்த் தபோவனத்து ஞானானந்த சுவாமிகளைக் கண்டார். முதற்காட்சியிலேயே இவரே தமக்குக் குரு என்று உள்ளம் ஒப்பியது. மறுவாண்டு மீண்டுஞ் சென்று சில வாரம் உடனுறைந்தார். சமயம் மாறுக என்றாவது மாறற்க என்றாவது பேச்செழவில்லை. எண்ணங்களின் ஓட்டத்தை விடுத்து உள்ளே செல்லுதலே உபதேசமாயிற்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களிற் கும்பகோணத்து மௌன மந்திரத்தில் 32 நாள் எவரையுங் காணாது அடைபட்டிருந்தார். உணவும் முகங்காணாமலே வந்தது.

இங்ஙனம் கேட்டதன் பயன் இன்பம் ஒன்றே என்று எண்ணற்க. பெருந்துன்பமும் அதனுடன் வந்தது. ஆன்ம நிலையில் நான் நீ என்னும் வேறுபாடு அற்றொழியும் எனின், இறைமகனை நோக்கித் தாம் நாடோறும் செய்யும் பூசை யாதாம்? பூசை மெய்யெனின், மலைக்குகையில் தாம் அறிந்தது மயக்கமோ? இவ்விரண்டனுள் ஒன்றை விட்டிருப்பின் துன்பம் தீர்ந்திருக்கும். அவரோ பூசையையும் விட்டிலர், அருணாசலத்தையும் விட்டிலர். கேட்டதைக் கேளாதது போல ஒழுகுதல் அவர்க்கு இயலாதாயிற்று. உடனிருந்த மோன்ஷனேன் இவ்வழியில் தொடர்ந்து வரத் துணிந்திலர். வேதாந்தத்தின்பால் இவர் மிகச் சாய்கின்றார் என்று கவன்றார். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில் அவர் இறந்தார். அபிஷிக்தானந்தர் தம் உள்ளப்போரை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1986-ஆம் ஆண்டில் அது அச்சேறிய பின்னரே அவர் பட்ட பாட்டை உலகம் உணர்ந்தது.

பின்னர் அவர் இந்தியக் குடியுரிமை பெற்று, வடக்கே இமயச்சாரலை நாடி, உத்தரகாசியை அடுத்த ஞான்சு என்னுமிடத்திற் கங்கைக்கரையிற் சிறு குடில் அமைத்தார். 1968-ஆம் ஆண்டில் சாந்திவனத்தைப் பீட் கிரிபித்ஸ் என்னும் ஆங்கிலத் துறவியாரிடம் ஒப்புவித்துத் தமிழ்நாட்டினின்றும் நீங்கினார். கத்தோலிக்க சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிறசமயங்களில் உள்ள மெய்மையை மதிக்குமாறு 1965-ஆம் ஆண்டிற்றான் அறிக்கையிட்டது. இவரோ அதற்குப் பதினாறாண்டு முன்னரே அண்ணாமலையில் அமர்ந்து கேட்டவர். 1973-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் ரிஷிகேசத்துக் கங்கையில், சிவானந்த ஆசிரமத்துச் சிதானந்த சுவாமிகளோடு ஒருங்கு நின்று, தம் பிரஞ்சு மாணாக்கர்க்குச் சந்நியாசம் அளித்தார். இரு சமயத் துறவியர் ஒருவனுக்குத் துறவு அளித்த அந்நிகழ்ச்சி அருமையினும் அருமை. இரண்டு வாரத்தின்பின், ஜூலை 14-ஆம் நாள், ரிஷிகேசக் கடைத்தெருவில் மாரடைப்புற்று வீழ்ந்தார். வீழ்ந்து கிடந்த அப்பொழுதே வாழ்வும் சாவும் கடந்ததொரு விழிப்புத் தமக்கு எய்தியதென அன்பர்க்கு எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் இந்தூர் நகரில் தம் 63-ஆம் வயதில் உடல் துறந்தார். நெடுங்காலம் வருத்திய வினாவிற்கு விடை, வாதத்தால் அன்றி அவ்விழிப்பினால் வந்தது என்பர் அவரை அணுகியறிந்தோர்.

இனி, அவர் கொண்ட முடிபை யாம் ஏற்கின்றேமோ எனின், ஏற்றிலேம். உயிரும் இறையும் ஒருபொருளே எனக் கொள்ளுதல், இரண்டும் தம்முள் இயைபின்றி வேறுநிற்கும் எனக் கொள்ளுதல் ஆகிய இரு கரைகட்கு இடையே அவர் அலைப்புண்டார். அத்துவிதம் என்னும் சொல் பொருள் ஒன்றெனக் கூறாது, இரண்டாய்ப் பிரிந்து நில்லாமையையே உணர்த்தும் என்று மெய்கண்டார் காட்டிய நெறி இவ்விரு கரைக்கும் நடுவண் உளது. உடலோடு உயிர் நிற்குமாறு போலவும், கண்ணொளியோடு ஞாயிற்றினொளி கலக்குமாறு போலவும் உயிர் இறையோடு அழியாது கூடி இன்புறும் என்னும் சித்தாந்தத்தின்கண், அன்பு செய்தற்கும் இடனுண்டு, ஒன்றாதற்கும் இடனுண்டு. அவர் நெஞ்சை ஆட்கொண்டவை உபநிடதங்களும், இரமணர் மௌனமும், ஞானானந்தர் மொழியுமே. அவர் வினாவிற்கு நேர்விடை சிவஞானபோதத்தின்கண் உளது என்பது எம் கருத்து.

இங்ஙனங் கூறி அமைதல் எளிது. ஆயின் அதனால் நாம் பெருமிதம் கொள்ளற்கில்லை. தண்ணீர்ப்பள்ளியைக் கடந்து வரும் காவிரியே திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள் விளங்கும் சோழவளநாட்டை வளம்படுத்துகின்றது. விடை நம்பால் உளது. வினாவோடு வந்தவர் அக்காவிரிக்கரையிற் பதினெட்டாண்டு இருந்தார். இனி அத்தகையார் ஒருவர் நம் மடத்து வாயிலில் வந்து நிற்பாராயின், அவர் வினாவை இறுதிகாறும் கேட்பார் நம்முள் எத்துணைப்பேர்? விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டு, வினா முடியுமுன் எடுத்து நீட்டுதலன்றோ நம் வழக்கமாய்ப் போயிற்று? சித்தாந்தம் வாதத்தில் வெல்லுதற்கு மட்டும் அமைந்ததன்று. பரபக்கம் வகுத்த அருணந்தியாரே பிறர் கொள்கை ஒவ்வொன்றனையும் அவரவர் கூறுமாறே முற்றக் கேட்டு, முதலில் எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தனர். கேளாது மறுத்தல் அவர் மரபன்று.

திருவள்ளுவனார் கேள்வியைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்து ஓர் அதிகாரமே வகுத்தனர். செல்வம் என்பது பெறுதற்கு உரியது. பெறுதற்கோ கை வெறுமையாய் இருத்தல் வேண்டும். புறச்சமயத்தார் ஒருவர் அண்ணாமலையடியில் சுரத்தில் கிடந்து அவ்வெறுமையைக் கற்றார். நாள்தோறும் திருமுறை கேட்கும் பேறுடைய நாம் அதனை நலமாக இருக்கும்போதே கற்றல் கூடும். பாடங்கேட்கும் இளைஞரும், பாடஞ்சொல்லும் முதியோரும், ஆதீனங்களில் வீற்றிருந்து அருள்வோரும் இதனைச் சிந்திப்பாராக.

திருச்சிற்றம்பலம்.