மலைச்சரிவில் கிடத்திய துப்பாக்கி

வேட்டையைப் பாடாத பழந்தமிழ்ப் புலவர் அரியர். வல்வில் ஓரி விடுத்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஒருங்கே வீழ்த்திய செய்தியைப் புறநானூற்றில் படித்து வியந்தவர்கள் நாம். குறி தப்பாத வில்லையே இலக்கியம் பெரிதும் விரும்பிப் போற்றி வந்திருக்கிறது. வேட்டையின் நடுவில் படைக்கலம் பயனற்றுப் போய், வேட்டைக்காரன் வெறுங்கையோடு நின்ற வேளையைப் பாடியவர் மிகச் சிலரே. அத்தகைய ஒரு வேளையைத் தம் வாழ்வில் சந்தித்து, அதைச் சற்றும் மறைக்காமல் எழுதியும் வைத்த ஒருவரின் கதையை மன்ற அன்பர்களோடு இம்மலரில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். அவர் எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட். உலகம் அவரை ஜிம் கார்பெட் என்று அறியும். தமிழர்களாகிய நாம் தி.ஜ.ர.வின் மொழிபெயர்ப்பான ‘குமாயுன் புலிகள்’ வழியாக அவரை அறிந்துகொண்டோம்.

1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் இமயமலை அடிவாரத்து நைனிடாலில் கார்பெட் பிறந்தார். தந்தை அவ்வூரின் அஞ்சல் அதிகாரி. குடும்பம் பெரியது, வருவாய் சிறியது. சிறு வயதிலேயே தந்தையை இழந்த அச்சிறுவனைத் தாயும் மூத்த சகோதரர் டாமும் வளர்த்தார்கள். கோடையில் நைனிடால், குளிர்காலத்தில் காலாடுங்கிக் காடு என்று கழிந்தது அவருடைய இளமை. பறவைகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த ஒருவர், தமக்கு உதவிய கைம்மாறாக அச்சிறுவனுக்கு ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்தார். வாய்வழி மருந்து கெட்டிக்கும் அத்துப்பாக்கியின் ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது. அடிக்கட்டை பித்தளைக் கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. பாதித் துப்பாக்கி என்றே அதைச் சொல்ல வேண்டும். அதனாலேயே அச்சிறுவன் அதை முழுதாக நம்பியதில்லை. காலடித் தடத்தையும், குரங்கின் எச்சரிக்கைக் குரலையும், காற்று வீசும் திசையையும் நம்பக் கற்றுக்கொண்டான். பின்னாளில் அவர் உயிரைப் பலமுறை காத்தது இக்கல்விதான்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்திலேயே பீகாரில் இருப்புப்பாதை வேலைக்குச் சென்றார். பின்னர் கங்கைக் கரையில் மொகாமே காட் என்னும் இடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை ஏற்றார். அகலப் பாதையில் வந்த பண்டங்களை இறக்கி, படகேற்றி, ஆற்றைக் கடத்தி, மறுகரையின் குறுகிய பாதை வண்டிகளில் ஏற்றுவது அங்கே நடந்த வேலை. மனிதத் தலைகளும் கூடைகளுமே அதற்குரிய கருவிகள். தொடக்கத்தில் சில மாதங்கள் நிர்வாகத்திடமிருந்து பணம் வராதபோது, தொழிலாளர்கள் ஒருவேளை உணவோடு உழைத்தார்கள். ஒப்பந்தக்காரரும் அவர்களைப் போலவே வயிற்றைச் சுருக்கிக்கொண்டார். அங்கே நிலைய அதிகாரியோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தையும் தொடங்கினார். ஒரே சுவருக்குள் உட்காரச் சாதி தடையாக நின்றபோது, சுவர்களை எடுத்துவிட்டுக் கூரையை மட்டும் நிறுத்திப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். 1856-இல் எழுந்த இராயபுரம் நிலையத்தையும், துறைமுகத்தின் சுமைதூக்கும் தோள்களையும் அன்றாடம் கண்டு வளர்ந்த வடசென்னை மக்களுக்கு அந்தக் கங்கைக் கரை அயலூராகத் தோன்றாது. கொடுங்கையூரில் கூடும் ஒரு மன்றம் இம்மனிதரை நினைவுகூர இதுவே தக்க காரணம் என்பேன். வேட்டைக்காரர் என்று புகழ்பெற்ற அவர், வாழ்வின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமை ஏற்றி இறக்கும் மக்களோடு வாழ்ந்தவர்.

அந்நாளில்தான், 1907-இல், சம்பாவத் புலியைத் தேடிச் செல்லுமாறு அவருக்கு அழைப்பு வந்தது.

அப்பெண்புலி நேபாளத்தில் 200 பேரைக் கொன்றிருந்தது. படைக்கலம் ஏந்திய நேபாளியர் திரண்டு அதை எல்லைக்கு அப்பால் விரட்டினார்கள். குமாயுனுக்குள் நுழைந்த அது, நான்கு ஆண்டுகளில் மேலும் 234 பேரைக் கொன்றது. இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். நேபாளத்தில் விரட்ட முடிந்த புலியைக் குமாயுனில் ஏன் நான்கு ஆண்டுகள் விரட்ட முடியவில்லை? குமாயுன் மக்கள் கோழைகள் அல்லர். அவர்களிடம் துப்பாக்கி இல்லை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி இந்தியர் படைக்கலம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு அத்தடை இல்லை. தமிழ் மண் இதை முன்பே அறிந்திருந்தது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் முதல் நாள், தென்பாளையங்களின் மக்கள் தம் படைக்கலங்களை ஒப்படைக்க வேண்டும் என்று சென்னை ஆளுநர் பறைசாற்றினார். வேட்டையில் துப்பாக்கியைத் தொலைத்தவன் ஒருவன் என்றால், சட்டத்தால் அதைத் தொலைத்தவர்கள் ஒரு நாட்டு மக்கள்.

அழைப்பை ஏற்ற கார்பெட் இரண்டு வேண்டுகோள்களை வைத்தார். புலியின் தலைக்கு அறிவித்திருந்த பரிசைத் திரும்பப் பெற வேண்டும். பிற வேட்டைக்காரர்களை விலக்கிக்கொள்ள வேண்டும். பரிசுக்காகக் கொல்பவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை. பதற்றத்தில் பிறர் சுடும் குண்டுக்கு இரையாகவும் விரும்பவில்லை.

சம்பாவத் அருகே ஓர் இளம்பெண்ணைப் புலி கொண்டுசென்ற மறுநாள், தாசில்தாரின் முயற்சியால் 298 ஆண்கள் மலையில் கூடினார்கள். உரிமம் இல்லாத துப்பாக்கிகளைக் கொண்டுவந்தால் அன்று தாம் கண்டுகொள்ளப் போவதில்லை என்று அந்தத் தாசில்தார் முன்னரே சொல்லியனுப்பியிருந்தார். ஆண்டுக்கணக்காகக் கூரையிலும் வைக்கோலிலும் மறைந்து கிடந்தவை வெளிவந்தன. அருங்காட்சியகத்தை நிரப்பத்தக்க பழம்பொருள்களாக அவை இருந்தன. சுடுவதற்கு உதவாவிட்டாலும், அச்சத்தில் உறைந்திருந்த மக்களுக்கு நிமிர்ந்து நிற்கும் துணிவை அவை தந்தன.

கார்பெட்டிடம் நல்ல ரைபிள் இருந்தது. ஆனால் மூன்றே தோட்டாக்களை எடுத்துச் சென்றிருந்தார். இரண்டு புலிக்கு, ஒன்று இடருக்கு என்பது அவர் கணக்கு. மக்கள் எழுப்பிய பேரொலியில் புலி பள்ளத்தாக்கில் இறங்கியது. தாசில்தார் சுட்டார்; புலி திரும்பியது. கார்பெட்டின் முதல் குண்டு வீணாயிற்று. புலி மீண்டும் வெளிப்பட்டபோது அடுத்த இரண்டும் அதன் உடலில் பாய்ந்தன. ஆனால் அது விழவில்லை. ஓடைக்கு அப்பால் இருந்த பாறையில் ஏறி நின்று அவரை நோக்கியது. இங்கே அவர் கையில் விலையுயர்ந்த ஓர் இரும்புத் தண்டு மட்டுமே எஞ்சியிருந்தது.

தாசில்தாரின் துப்பாக்கியைக் கொண்டுவருமாறு உரக்கக் கூவினார். மேலிருந்து வந்த மறுமொழி விளங்கவில்லை. பயனற்ற ரைபிளைச் சரிவிலேயே கிடத்திவிட்டு மலைமேல் ஓடினார். தாசில்தாரின் கையிலிருந்த துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்தார். அந்தச் சில நிமிடங்கள் அவர் வாழ்வில் தனித்தவை. நான்கு ஆண்டுகளாகக் குமாயுன் மக்கள் நின்ற இடத்தில் அவரும் நின்றார்: எதிரே புலி, கையில் எதுவும் இல்லை.

வாங்கி வந்த துப்பாக்கியை உயர்த்திக் குறிபார்த்தபோதுதான் அதன் நிலை தெரிந்தது. குழலுக்கும் அடைப்புக் கட்டைக்கும் இடையே அரை அங்குலத்திற்குச் சற்றுக் குறைவான இடைவெளி தெரிந்தது. வெடித்தால் சுடுபவரின் கண்ணே போகலாம். வேறு வழியில்லை. இருபது அடித் தொலைவில், திறந்திருந்த புலியின் வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வாய்க்குச் செல்லவில்லை. புலியின் வலது முன்பாதத்தில் தைத்தது. புலி சாய்ந்து பாறை மீதே உயிர்விட்டது. அதைக் கொன்றது அந்தக் கடைசிக் குண்டு அன்று; முன்பே உடலில் ஏறியிருந்த இரண்டு குண்டுகள்தாம்.

இதையெல்லாம் நாம் அறிவது எப்படி? அவரே எழுதியதால் அறிகிறோம். தோட்டாக் கணக்கில் தாம் பிழை செய்ததையும், கடைசிக் குண்டு குறி தப்பியதையும், புலி தன் காயத்தால் தானே செத்ததையும் எவரும் கேட்காமலே பதிவு செய்தார். வாய்க்குள் சுட்டேன் என்று எழுதியிருந்தால் மறுக்க ஆளில்லை.

புலியைச் சோதித்தபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. அதன் வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ எவரோ சுட்ட குண்டு அது செய்த காயம். இயல்பான இரையைக் கொல்ல இயலாத நிலையில்தான் அது மனிதரை நாடியது. பெயர் தெரியாத அந்த வேட்டைக்காரர் தம் குறி தப்பியதைச் சில நாளில் மறந்திருக்கக்கூடும். அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் 436 பேர். விறகுக்கும் புல்லுக்கும் சென்ற பெண்கள் அவர்களுள் பலர்.

சில மாதங்கள் கழித்து நைனிடாலில் நடந்த தர்பாரில், ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் சர் ஜான் ஹ்யூவெட், அத்தாசில்தாருக்கு ஓர் அழகிய துப்பாக்கியைப் பரிசளித்தார். கார்பெட்டுக்கும் அவரிடமிருந்து ஒரு ரிக்பி ரைபிள் கிடைத்தது. அதன் அடிக்கட்டையில் பதித்த தகட்டில் சம்பாவத் புலியின் பெயர் இடம்பெற்றது. பின்வந்த ஆண்டுகளில் அந்த ரைபிளே அவருக்கு உற்ற துணையாயிற்று. 125 உயிர்களைக் குடித்த ருத்ரப்பிரயாகைச் சிறுத்தை 1926-இலும், சௌகர் பெண்புலி 1930-இலும், தாக் பெண்புலி 1938-இலும் அவரால் வீழ்ந்தன.

ஆயினும் அவர் மனம் துப்பாக்கியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருந்தது. நீர்ப்பறவைகளை விளையாட்டுக்காக நூற்றுக்கணக்கில் சுட்டுக் குவித்த அதிகாரிகளைக் கண்ட அதிர்ச்சி ஒரு காரணம். காட்டு விலங்குகளைப் படமெடுத்த வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியனின் முன்மாதிரி மற்றொரு காரணம். கார்பெட்டும் படப்பிடிப்புக் கருவியை ஏந்தினார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-இல் உருவாகத் துணைநின்றார். குறையையும் சொல்வதே முறை: வைசிராய் லின்லித்கோ போன்றோருக்கு வேட்டை ஏற்பாடு செய்துகொடுப்பதை அவர் முற்றும் விட்டுவிடவில்லை. பேரரசின் மகன் என்ற நிலையிலிருந்து அவரால் முழுதும் வெளியேற முடியவில்லை.

1944-இல் அவருடைய முதல் பெருநூல் பம்பாயில் வெளிவந்தது. முதற்பதிப்பின் வருவாயைப் போரில் கண்ணிழந்த இந்தியப் படைவீரர்களுக்கு அளித்தார். 1947 நவம்பரில் தமக்கை மேகியுடன் இந்தியாவை விட்டுக் கென்யாவுக்குப் புறப்பட்டார். புறப்படுமுன், பிறரிடம் ஒப்படைக்க மனம் வராத சில துப்பாக்கிகளைக் காலாடுங்கிக் காட்டில் புதைத்துச் சென்றார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் குறிக்கின்றனர். சம்பாவத் சரிவில் விட்டதைத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டவர், காலாடுங்கியில் விட்டதை எடுக்கத் திரும்பவே இல்லை. 1955 ஏப்ரல் 19-ஆம் நாள் நையேரியில் மறைந்தார். அவர் உருவாக்கத் துணைநின்ற பூங்காவுக்கு 1957-இல் இந்தியா அவர் பெயரையே சூட்டியது. அந்த ரிக்பி ரைபிள் பல கைகள் மாறி, 2016-இல் அவர் வாழ்ந்த சோட்டி ஹல்த்வானி ஊர் மக்களின் பார்வைக்காக ஒருமுறை வந்து சென்றது.

கவிஞர்கள் நிறைந்த மன்றத்தின் மலர் இது. குறி தப்பாத வில்லைப் பாடப் புலவர்கள் எந்நாளும் உண்டு. ஆனால் கார்பெட்டின் நூல்களை இன்றும் நம்பத்தக்கனவாக வைத்திருப்பது அவருடைய குறியன்று. தப்பிய குறியைத் தப்பியது என்றே எழுதிய நேர்மையாகும். மூன்று தோட்டாக்களும் தீர்ந்து, ரைபிளைப் புல்லில் கிடத்திவிட்டு ஓடிய அந்த மனிதர், துப்பாக்கி இல்லாதவர்களின் அச்சத்தைத் தம் காலால் அளந்தார். அந்த அச்சத்தை எழுதியதால்தான் குமாயுன் மலைமக்கள் அவர் நூல்களில் வெறும் பின்னணியாக நிற்காமல், பெயரும் முகமும் பெற்று வாழ்கிறார்கள். பத்தாண்டு கண்ட நம் மன்றமும், இனி எழுதப்போகும் பத்தாண்டுகளும், படைக்கலம் ஏந்தியோரின் புகழைவிட வெறுங்கையோராய் நின்றோரின் கதையைச் சொல்லுமானால், அம்மலைச்சரிவில் கிடந்த துப்பாக்கி நமக்கும் ஒரு பாடம் சொன்னதாகும்.