தன் செவியை ஐயுற்ற அறிஞர்

நீருக்கு நிறம் உண்டா என்னும் வினாவோடு ஆராய்ச்சி வாழ்வைத் தொடங்கியவர் ஃபிரான்ஸ் போவாஸ். 1881ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. ஆய்வேட்டின் பொருள் நீரின் நிறம், துறை இயற்பியல். ஒளியின் நுண்ணிய வேறுபாடுகளை ஒப்பிட வேண்டிய இடத்தில் இறுதி நடுவராக நின்றது மனிதக் கண். அக்கண்ணோ எல்லா வேறுபாடுகளையும் ஒன்றுபோல் காண்பதில்லை. பார்க்கப்படும் பொருளினின்று பார்ப்பவன் பக்கம் அவர் கருத்துத் திரும்பியது அங்கேதான். பின்னாளில் பண்பாட்டுச் சார்புக் கொள்கை என்று பெயர்பெற்ற சிந்தனையின் வித்து அந்த நீரில்தான் விழுந்தது என்பது என் கருத்து. பெயரைப் பரப்பியவர்கள் அவருடைய மாணாக்கர்கள். பொருளைத் தந்தவர் அவர்.

1858 ஜூலை 9ஆம் நாள் வெஸ்ட்ஃபாலியாவின் மின்டன் நகரில் யூதக் குடும்பத்தில் போவாஸ் பிறந்தார். பெற்றோர் பழைய சமயக் கட்டுகளினின்று விலகியவர்கள். 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் கனவுகளை இல்லத்தில் போற்றி வந்தவர்கள். தாய் சோஃபி அவ்வூரில் மழலையர் பள்ளி ஒன்றை நிறுவியவர். ஹைடல்பெர்க், பான், கீல் ஆகிய இடங்களில் கல்வி. மாணவப் பருவத்து வாட்போர்களின் தழும்புகள் இறுதிவரை அவர் முகத்தில் இருந்தன. யூத வெறுப்பு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் தலைதூக்கிய காலம் அது.

1883இல், இருபத்தைந்தாம் வயதில், வடதுருவத்தை அடுத்த பாஃபின் தீவுக்குப் புறப்பட்டார். உடன் சென்றவர் வில்ஹெல்ம் வைக்கே என்னும் பணியாளர் ஒருவரே. கடற்கரையை அளந்து நிலப்படம் வரைவதும், இனுயிட் மக்களின் இடப்பெயர்ச்சியை ஆராய்வதும் நோக்கம். கைப்பெட்டியில் தத்துவ அறிஞர் கான்ட்டின் நூல் இருந்தது. பனி வீட்டில் மாலைப் பொழுதுகளில் அதைப் படித்தார்; பசித்தபோது இனுயிட் மக்களோடு அமர்ந்து பச்சை ஈரலைப் பகிர்ந்துண்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஒருமுறை இருளில் வழிதவறி, சுழியத்துக்குக் கீழ் 46 பாகையினும் கடிய குளிரில், 26 மணி நேரம் பனிச்சறுக்கு வண்டியோடு அலைய நேர்ந்தது. இல்லாமையிலும் உள்ளதைப் பகுத்துண்ணும் அம்மக்களைக் கண்டு, நாகரிகம் உடையோர் என்று நம்மைச் சொல்லிக்கொள்வதற்கு நம்மிடம் என்ன மிகுதியாக உள்ளது என்ற வினாவைத் தம் காதலி மரீக்கு எழுதிவந்த மடல் நாட்குறிப்பில் பதிந்தார். அந்த மடல்களை அனுப்ப மாதக்கணக்கில் கப்பல் இல்லை. எழுதியவரே நெடுநாள் படித்துக்கொண்டிருந்த மடல்கள் அவை.

தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் அவர் எழுத்துகளுள் என்னை மிகவும் ஈர்ப்பது 1889ஆம் ஆண்டில் வெளிவந்த சிறு கட்டுரை ஒன்று. மாறியொலிக்கும் ஒலிகளைப் பற்றியது அது. தொன்மைக் குடியினர் மொழிகளில் ஒலிகள் நிலைபெறவில்லை, ஒரே சொல்லை ஒருவரே ஒருகால் ஒருவிதமாகவும் மறுகால் வேறுவிதமாகவும் ஒலிக்கின்றனர், ஆகவே அம்மொழிகள் வளர்ச்சியின் கீழ்ப்படியில் நிற்பன என்று அக்காலத்து அறிஞர் சிலர் நிறுவ முயன்றனர். போவாஸ் தம் குறிப்பேடுகளையே சான்றாக எடுத்தார். பாஃபின் தீவில் ஒரே சொல்லைத் தாமே வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு எழுத்துகளால் குறித்திருந்தார். பேசியவர் மாறவில்லை, ஒலியும் மாறவில்லை. தன் தாய்மொழியில் இல்லாத ஓர் ஒலியைக் கேட்ட செவி, தான் முன்பே அறிந்த ஒலிகளுள் ஒருநாள் ஒன்றையும் மறுநாள் மற்றொன்றையும் அதன்மேல் ஏற்றிவிட்டது. எழுதியவரின் தாய்மொழி எதுவோ அதற்கேற்பவே பிழையும் அமைந்ததை அவர் காட்டினார்.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தினர்க்கு இதை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1716இல் ஹாலே நகரில் அச்சேறிய சீகன்பால்குவின் இலக்கணம் இலத்தீன் தலைப்பில் நம் மொழியின் பெயரை எவ்வாறு தாங்கி நிற்கிறது? மொழிமுதல் தகரம் ஒலிப்புடை ஒலியாகிவிட்டது, ழகரம் லகரமாகிவிட்டது. இதைக் கொண்டு தமிழில் ழகரம் நிலையற்றது என்று ஒருவர் முடிவுகட்டினால் நகைக்க மாட்டோமா? ஒலியில் இவ்வளவு எளிதாக விளங்கும் இவ்வுண்மை, திருமணம், சடங்கு, உணவு என்று வரும்போது விளங்காமற் போவதுதான் வியப்பு. போவாஸ் செய்தது, செவிக்குச் சொன்னதை வாழ்வு முழுமைக்கும் விரித்ததேயாகும்.

1886இல் கனடாவின் மேற்குக் கரைக்குச் சென்றபின் அமெரிக்காவிலேயே தங்கினார். மறு ஆண்டு மரீயை மணந்தார். அவ்வாண்டிலேயே வாஷிங்டன் அருங்காட்சியகத்தின் ஓடிஸ் மேசனோடு கருத்துப்போர் மூண்டது. எல்லா நாட்டு முழவுகளையும் ஓரிடத்தில், எல்லா விற்களையும் ஓரிடத்தில், எளியது முதல் சிக்கலானது வரை வரிசையாக அடுக்கினார் மேசன். ஒரு கிலுகிலுப்பை குழந்தையின் விளையாட்டாகவும் இருக்கலாம், வழிபாட்டுக் கருவியாகவும் இருக்கலாம். அதை ஆளும் மக்களிடமிருந்து பிரித்துவிட்டால் கையில் எஞ்சுவது ஓசை மட்டுமே என்றார் போவாஸ். நம் உடுக்கையை உலகத்துத் தோற்கருவிகளின் வரிசையில் பத்தோடு பதினொன்றாக வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது புலப்படும்.

அவர் நெடிதாய்ந்த மக்கள் வான்கூவர் தீவின் குவாக்கியூட்ல் குடியினர். இன்று குவாக்குவாக்கவாக்கு என்று தம் பெயரால் வழங்குவோர். பொருளை வாரி வழங்கிப் பெருமை தேடும் பாட்லாட்ச் விழாவைக் கனடிய அரசு 1885 முதல் தடைசெய்திருந்தது. தடை 1951 வரை நீடித்தது. வீண்செலவு என்று ஆட்சியாளர் கண்ட இடத்தில் கடனும் கடமையும் மதிப்பும் பின்னிய ஒழுங்கைக் கண்டார் போவாஸ். கண்டவர் அவர் என்றாலும் காட்டியவர் ஜார்ஜ் ஹன்ட். ஆங்கிலேயத் தந்தைக்கும் டிலிங்கிட் தாய்க்கும் பிறந்து, ரூபர்ட் கோட்டையில் குவாக்கியூட்ல் மக்களிடையே வளர்ந்தவர். அம்மொழியை எழுதப் போவாஸிடம் கற்று, 1933இல் இறக்கும்வரை ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதியனுப்பினார். 1921இல் வெளிவந்த பெருநூலின் தலைப்பில் அவர் பெயரும் இடம்பெற்றது. இன்னும் மிகுதியாக இடம்பெற்றிருக்க வேண்டும்.

இனிச் சொல்வது கசப்பானது. போவாஸ் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய காலத்தில், ஆய்வுக்காக இனுயிட் ஒருவரை அழைத்துவருமாறு துருவப் பயணி பியரியைக் கேட்டுக்கொண்டார். பியரி 1897இல் கிரீன்லாந்திலிருந்து ஆறுபேரைக் கொண்டுவந்தார். அருங்காட்சியகத்தின் நிலவறையில் தங்கவைக்கப்பட்டவர்களுள் நால்வர் நோயுற்று மாண்டனர். முதலில் இறந்தவர் கிசுக். அவருடைய சிறுவன் மினிக். மகனின் மனம் ஆறட்டும் என்று தோட்டத்தில் போலி அடக்கம் ஒன்று நடந்தது. துணி சுற்றிப் புதைக்கப்பட்டது மரக்கட்டை. தந்தையின் எலும்புகள் அருங்காட்சியகத்தின் தொகுப்பிற் சேர்ந்தன. பின்னர் உண்மையறிந்த மினிக் தந்தையின் உடலைக் கேட்டு மன்றாடினான்; கிடைக்கவில்லை. போலி அடக்கத்தில் தவறில்லை என்றே 1909இல் போவாஸ் வாதிட்டார். மினிக் 1918இல் இறந்தான். நால்வரின் எலும்புகளும் 1993இல்தான் கிரீன்லாந்தின் கானாக் ஊரில் அடக்கம் செய்யப்பட்டன.

அக்கால அறிவியலின் போக்கு அது என்று இதைக் கடந்து செல்வோர் உளர். என்னால் இயலவில்லை. பனி வெளியில் தமக்கு ஈரலைப் பகிர்ந்தளித்த இனத்துச் சிறுவன், தந்தையைப் புதைக்க வேண்டும் என்று கேட்டதை அவர் செவி ஏற்கவில்லை. ஒலிகளைப் பற்றி எழுதிய கட்டுரையை அவரே மறுபடி படித்திருக்கலாம்.

ஆயினும் மனிதர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1899இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1906இல் டூ பாய்ஸ் அழைப்பையேற்று அட்லாண்டா சென்று, கறுப்பின மாணவர்க்கு ஆப்பிரிக்காவின் இரும்புத் தொழிலையும் பேரரசுகளையும் எடுத்துரைத்தார். 1908 முதல் குடியேறிகளும் அவர்தம் மக்களுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, மாறாதது என்று கருதப்பட்ட தலையமைப்பும் சூழலால் மாறுகிறது என்றார். அம்மாற்றம் எத்துணைப் பெரிது என்பதில் 2002, 2003ஆம் ஆண்டுகளில் அத்தரவுகளை மீளாய்ந்தோர் தம்முள் மாறுபட்டனர். எல்லாப் பண்பாட்டையும் அதனதன் வழியில் அறிய வேண்டும் என்போர் எதையும் கண்டிக்க மாட்டார் என்று எண்ணுவோர்க்கு 1919ஐ நினைவூட்டலாம். ஆராய்ச்சியாளர் வேடத்தில் ஒற்றாடிய நால்வரைப் பெயர் சுட்டாது அவர் இதழில் கண்டித்தார். தண்டிக்கப்பட்டவர் அவரே, அமெரிக்க மானிடவியற் கழகம் அவர்மேல் நிறைவேற்றிய கண்டனத் தீர்மானம் 2005இல்தான் நீக்கப்பட்டது.

ரூத் பெனடிக்ட், மார்கரெட் மீட், கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் ஆகியோர் அவரிடம் பயின்றனர். டக்கோட்டா மொழியறிஞர் எல்லா டெலோரியா அவரோடு பணியாற்றினார். 1924, 1925இல் மகளையும் மகனையும், 1929இல் விபத்தில் மரீயையும் இழந்தார். 1931இல் கீல் பல்கலைக்கழகம் அழைத்துச் சிறப்பித்தது. இரண்டே ஆண்டுகளில் ஜெர்மனியில் அவர் நூல்கள் எரிக்கப்பட்டன.

1942 டிசம்பர் 21ஆம் நாள், நாட்சிகளுக்குத் தப்பிவந்த பிரெஞ்சு அறிஞர் ரிவேவைச் சிறப்பிக்கும் நண்பகல் விருந்தில், லெவி ஸ்ட்ராஸ் அருகிருக்கச் சாய்ந்து உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற குவாக்கியூட்ல் இலக்கணத்தை மகள் ஹெலன் பதிப்பிக்க, அது 1947இல் வெளிவந்தது.