சட்டமும் இல்லமும்

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். அதன் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெண்கல்வி, தாய்சேய் நலம், இளமை மணத் தடை ஆகியவற்றிற்காக அங்கே வாதாடினார். எனினும், அவர் நெஞ்சை மிக வருத்தியது பொட்டுக்கட்டும் வழக்கமே. அன்னை சந்திரம்மாள் பிறந்த மரபின் துயர் அது, ஏட்டில் படித்தறிந்ததன்று.

கோயிற்பணியை விட்டால் மானிய நிலம் பறிபோகும் என்பதே அப்பெண்களைப் பிணித்த தளை. அம்மையார் கொணர்ந்த 1929ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அத்தளையை அறுத்தது. அடுத்து, பொட்டுக்கட்டுதலையே ஒழிக்கும் மசோதாவை முன்வைத்தார். ஆயின், 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டதும் பதவியைத் துறந்தார். அம்மசோதாவின் நோக்கம் சட்டமாக 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதுவரை அப்பெண்கள் எங்கே செல்வர்? தஞ்சம் நாடிவந்த சிறுமியரை விடுதிகள் ஏற்க மறுத்தபோது, தம் வீட்டுக் கதவையே திறந்துவிட்டார் அம்மையார். 1930இல் அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம்.

1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்ட அவர், 1968இல் மறைந்தார். சட்டம் வருமுன்னரே அச்சிறுமியர்க்கு நிழல் தந்த இல்லத்திற்குப் பெண்பாற் புலவர் ஒருவரின் பெயரைச் சூட்டினார் என்பது நம் வட்டத்தார் நினைந்து போற்றத்தக்கது.