தீனபந்து அன்ட்ரூஸ்: கூலிகளின் பக்கம் நின்ற ஆங்கில ஆசிரியர்

நானுஓயா ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் இன்று நுவரெலியா பார்க்கப் போகிறவர்கள். 1885 இல் கொழும்பிலிருந்து வந்த தண்டவாளம் இங்கு எட்டியபோது அதற்கு இருந்த வேலை வேறு. தோட்டங்களின் விளைச்சலைக் கீழே இறக்கவும் ஆட்களை மேலே ஏற்றவும்தான் அது போடப்பட்டது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே பாதையால் ஆட்கள் கீழே இறக்கப்பட்டார்கள். தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் அவர்களைக் கொண்டுபோன ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னார்கள். 1977 இலும் 1983 இலும் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறி, பிறகு வன்னிப் போரிலும் அகப்பட்ட குடும்பங்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

இந்த மலைகளில் தேவாலயத்தோடு சேர்ந்துதான் ஆங்கிலமும் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு பிள்ளைகளை இருத்தி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் இளைஞர்களைத் தோட்டப் பகுதிகளில் இன்றும் காணலாம். அகதியாகப் போய் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இறங்கிய எம்மவர் பலருக்கும் முதல் ஆங்கில வகுப்பு ஏதோ ஒரு தேவாலய மண்டபத்தில்தான் நடந்திருக்கும். சம்பளம் வாங்காமல் வந்து நின்ற அந்த ஆசிரியர்களின் பெயர் எமக்கு நினைவில் இருப்பதில்லை. அவர்களின் வரிசையில் வந்து, கற்பிப்பதோடு நின்றுவிடாமல் கடல் கடந்த கூலிகளின் வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொண்ட ஒருவரின் கதை இது.

சார்ள்ஸ் ஃபிரீயர் அன்ட்ரூஸ் 1871 பெப்ரவரி 12 ஆம் திகதி இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். தகப்பனார் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையின் ஊழியர். பெரிய குடும்பம். பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே அவர்கள் பர்மிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தார்கள். தாயாரின் சொத்தைப் பொறுப்பாக வைத்திருந்த குடும்ப நண்பர் ஒருவர் அதை வியாபாரச் சூதில் அழித்துவிட்டார். செய்தி தெரிந்த அன்று தகப்பனார் வீட்டாரை முழங்காலில் இருத்தி, ஏமாற்றிய அந்த நண்பருக்காகவே ஜெபம் செய்தார். சிறுவன் சார்ள்ஸ் அதை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. எதிராளியையும் நம்புகிற குணம் அவருக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும். அந்தக் குணம் பிற்காலத்தில் அவருக்குப் பலமாகவும் இருந்தது, பலவீனமாகவும் இருந்தது.

புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜில் படித்தார். இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்து குருவானார். தென் லண்டனில் வால்வேர்த் என்ற ஏழைப் பகுதியில், தன் கல்லூரி நடத்திய மிஷனில் சில வருடங்கள் வேலை செய்தார். நெருங்கிய நண்பர் பேசில் வெஸ்கொட் டில்லியில் மிஷனரியாக இருந்து 1900 இல் வாந்திபேதியில் இறந்துபோனார். அந்த இடத்தை நிரப்பப் போவதாக அன்ட்ரூஸ் முடிவெடுத்தார். 1904 மார்ச் 20 ஆம் திகதி இந்தியாவில் கால் வைத்தார். அந்த நாளைத் தன் இரண்டாவது பிறந்தநாளாக அவர் கொண்டாடி வந்தார்.

டில்லி சென் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் கற்பிப்பதுதான் அவர் வந்த வேலை. இரண்டு வருடத்தில் கல்லூரிக்குப் புது அதிபர் தேவைப்பட்டபோது வெள்ளைக்காரர் ஒருவர்தான் வர வேண்டும் என்பது வழக்கம். சுசில் குமார் ருத்ரா என்ற வங்காளி ஆசிரியர் அங்கே நீண்டகாலம் பணியாற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் அதிபராக வேண்டும் என்று அன்ட்ரூஸ் பிடிவாதமாக நின்றார். 1906 இல் ருத்ரா அதிபரானார். ஆங்கிலேயர்கள் ஒரு இந்தியரின் கீழ் வேலை செய்வது அன்றைக்குச் சின்ன விஷயம் அல்ல. எங்கள் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடங்களின் அதிபர் பட்டியல்களைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

1912 இல் லண்டனில் ஓவியர் ரொதென்ஸ்டைன் வீட்டில் தாகூரின் கவிதைகளைக் கவிஞர் யேட்ஸ் வாசிக்கக் கேட்டார். அன்றைக்குத் தொடங்கிய உறவு அவரைச் சாந்திநிகேதனுக்குக் கொண்டுபோனது. ஆனால் எமக்கு முக்கியமானது அடுத்த பயணம்.

1913 இன் கடைசியில் தென்னாபிரிக்காவில் காந்தியின் போராட்டம் உச்சத்தில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த கூலி ஒவ்வொருவரும் வருடத்துக்கு 3 பவுண் வரி கட்ட வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிராக நேட்டாலின் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத்தாரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். கோகலே இந்தியாவில் பணம் திரட்டினார். அன்ட்ரூஸ் தன் சேமிப்பு முழுவதையும் கொடுத்தார், பிறகு தானே புறப்பட்டார். உடன் வந்தவர் வில்லி பியர்சன், இன்னொரு மிஷன் ஆசிரியர். 1914 ஜனவரியில் டேர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் காந்தி யார் என்று கேட்டறிந்து, குனிந்து அவர் காலைத் தொட்டார். ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், அதுவும் பலர் பார்க்க, ஒரு கூலி வக்கீலின் காலைத் தொட்டது அங்கிருந்த வெள்ளையருக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன.

காந்திக்கும் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் நடுவில் போய் வந்து உடன்படிக்கைக்கு உதவினார். அதே நாட்களில்தான் இங்கிலாந்தில் தாயார் இறந்த செய்தி வந்தது. அவரைப் பார்க்கப் போகும் எண்ணத்தில்தான் இருந்தார், முடியவில்லை. அந்த வருடமே 3 பவுண் வரி ஒழிந்தது. சிறையில் நோய்ப்பட்டு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை பெப்ரவரியில் இறந்தாள். வரி ஒழிந்ததை அவள் பார்க்கவில்லை.

பிறகு பீஜி. 1879 தொடக்கம் இந்தியாவிலிருந்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1903 இலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டதால் தமிழரும் தெலுங்கரும் அதில் அடக்கம். அங்கே பெண்கள் பட்ட துன்பத்தைப் பாரதியார் பாடியிருக்கிறார். 1915 இல், வாந்திபேதி வந்து பிழைத்த உடம்போடு, அன்ட்ரூஸ் பியர்சனையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். லயன்களுக்குள் நடந்து, ஆட்களோடு இருந்து பேசினார். 10 அடிக்கு 7 அடி அறை. அதில் தனி ஆண்கள் மூவர், அல்லது ஒரு குடும்பம். எங்கள் லயக் காம்பராவே அதைவிடக் கொஞ்சம் பெரிது. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருந்தால் போதும் என்று சட்டமே சொன்னது. அதன் விளைவுகளை, தற்கொலைகளையும் கொலைகளையும், அவர் அறிக்கையில் எழுதினார்.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் ஒப்பந்தப் பத்திரத்தைப் பற்றியது. கூலி கைநாட்டு வைத்த பத்திரத்தில் வேலை, சம்பளம், ஐந்து வருடக் கணக்கு எல்லாம் இருந்தன. வேலை முடிக்காவிட்டால் சிறை என்பது மட்டும் அதில் இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டம் ஒன்று அவன் தலைக்கு மேல் இருந்தது, அது அவனுக்குத் தெரியாது. அக்ரிமென்ட் என்ற சொல்லைக்கூட வாயில் நுழையாமல் கிர்மிட் என்று அந்த மக்கள் சொன்னார்கள். பின்னர் தங்கள் முழு வாழ்க்கைக்கும் அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். கல்லூரியில் கற்பித்த ஒருவருக்கு இது உறைத்ததில் ஆச்சரியம் இல்லை.

1916 மார்ச்சில் இந்திய அரசாங்கம் ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கச் சம்மதித்தது. ஆனால் லண்டன் இன்னும் சில வருடம் நீட்டப் பார்த்தது. அன்ட்ரூஸ் ஊர் ஊராகப் பேசினார். இந்தியப் பெண்களின் தூதுக்குழு வைஸ்ரோயிடம் போனது. 1917 இல் ஆள் ஏற்றுவது நின்றது. அவர் மறுபடி பீஜிக்குப் போனார். தீனபந்து, ஏழைகளின் உறவினன், என்ற பெயரை அவருக்குக் கொடுத்தது அந்தக் கூலிகள்தான். 1920 ஜனவரி 1 ஆம் திகதி மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாகின.

இலங்கைத் தோட்டங்களோடு அவர் பெயர் இந்த அளவுக்கு ஒட்டவில்லை. இங்கே ஒப்பந்தப் பத்திரம் இல்லை, கங்காணியும் கடனும் இருந்தன. கடன் விவரம் எழுதிய துண்டு இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது. துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் அதற்காக உழைத்தார்கள். 1927 இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. மலைகளில் 1850களிலிருந்தே தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரிலேயே ஒரு திருச்சபைப் பணி நடந்தது. பள்ளிக்கூடங்கள் வைத்தார்கள், எழுத்தறிவித்தார்கள். அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் துரைமாரின் சந்தாவும் அதற்கு வந்தது. சந்தா கொடுப்பவரிடம் போய்ச் சம்பளத்தைப் பற்றிக் கேட்பது கஷ்டம். அன்ட்ரூஸ் அந்தக் கேள்வியைக் கேட்கிற பக்கத்துக்குப் போனவர். அதனாலேயே மிஷனுக்குள் அவரால் நீடிக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். 1914 இல் மிஷனை விட்டுச் சாந்திநிகேதன் போய்விட்டார். குருவானவராகச் செய்யும் கடமைகளையும் நிறுத்தினார், விசுவாசத்தை விடவில்லை.

தேயிலையோடு அவர் நேராக முட்டியது 1921 இல். வங்காளத்துக்குக் கிழக்கே சர்கோலா பள்ளத்தாக்கின் தேயிலைத் தொழிலாளர்கள், சம்பளம் போதாமல், அந்த மே மாதம் ஆயிரக்கணக்கில் தோட்டங்களை விட்டு நடந்தார்கள். ஊர் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். சாந்த்பூர் வரை வந்து, ஆற்றைக் கடக்கக் கப்பலுக்குக் காசில்லாமல் ரயில் நிலையத்தில் அடைந்து கிடந்தார்கள். மே 20 இரவு, தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கூர்க்காப் படையினர் அடித்து வெளியே விரட்டினார்கள். பெண்கள், பிள்ளைகள் என்ற வித்தியாசம் இருக்கவில்லை. பின்னாலேயே வாந்திபேதி வந்தது.

அன்ட்ரூஸ் அங்கே போய்ச் சேர்ந்தார். தன் நண்பனைக் கொன்ற அதே நோய், தானும் அனுபவித்த நோய். நோயாளிகளுக்கு நடுவில் தொண்டர்களோடு வேலை செய்தார். இவர்களை ஊருக்கு அனுப்பப் பணம் தரும்படி அரசாங்கத்திடம் மன்றாடினார். தோட்ட முதலாளிகளுக்கும் ஆட்களுக்கும் இடையிலான விடயத்தில் தலையிட மாட்டோம் என்ற பாணியில் அரசாங்கம் கைவிரித்தது. கடைசியில் பொதுமக்கள் சேர்த்த பணத்தில்தான் அந்த மக்கள் அனுப்பப்பட்டார்கள். ரயிலும் கப்பலும் இவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்தபோது அன்ட்ரூஸுக்கு அதில் சங்கடம் இருந்தது. நோயாளிகள் நகர முடியாமல் போகும் என்பது அவர் கவலை. அரசியல்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. அதிகாரியிடம் பேசினால் மனம் இளகும் என்று அவர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார்.

கென்யாவில் ரயில் பயணத்தின்போது வெள்ளைக் குடியேறிகள் அவரைத் தாக்கினார்கள். 1929 இல் பிரிட்டிஷ் கயானா, 1936 இல் மூன்றாவது முறையாகப் பீஜி என்று அவர் ஓயவில்லை. அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரசுக்கு இரண்டு தடவை தலைவராக இருந்தார். கல்யாணம் செய்யவில்லை, சொத்து வைக்கவில்லை. குளிருக்கு யாராவது கம்பளி கொடுத்தால் அடுத்த வாரம் அது வேறொருவர் தோளில் இருக்கும். காந்தியை மோகன் என்று பெயர் சொல்லி அழைத்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

1940 ஏப்ரல் 5 ஆம் திகதி கல்கத்தாவில் அவர் இறந்தார். அந்த வருட ஜனவரியில்தான் ஹேவாஹெட்டையின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். எட்டு வருடம் கழித்து, 1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் மலையகத்தாரின் பெரும்பகுதியினர் நாடற்றவர்கள் ஆனார்கள். குடியுரிமைக்காக அவர்கள் பிறகு நிரப்ப வேண்டியிருந்த விண்ணப்பங்களை, ஆங்கிலம் தெரிந்த கணக்கப்பிள்ளையோ பாதிரியாரோ பள்ளிக்கூட வாத்தியாரோதான் விளக்கு வெளிச்சத்தில் இருந்து எழுதிக்கொடுத்தார்கள்.