கென்னத் ஆண்டர்சனும் அவரது வின்செஸ்டரும்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்குப் பேருந்தில் போகாத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரும் இருக்க முடியாது. மீன் வறுவலும் எண்ணெய்க் குளியலும் மனத்தில் நிறைந்திருக்க, வழியில் மலையிறங்கும் காட்டை நாம் சன்னல் வழியே ஏனோதானோவென்று பார்த்துவிட்டுக் கடந்து விடுகிறோம். அந்தக் காட்டின் முண்டச்சிப்பள்ளம் என்ற பெயரை இலண்டனிலும் நியூயார்க்கிலும் படித்தறிந்தவர்கள் உண்டு. அந்த அறிமுகத்தைச் செய்துவைத்தவர் கென்னத் ஆண்டர்சன். அவரைப் பற்றி எழுத வந்த நான், புலிகளைக் காட்டிலும் அவர் கையிலிருந்த துப்பாக்கியைப் பற்றியே மிகுதியாக எழுதப் போகிறேன். நண்பர்கள் பொறுத்தருள்க.

ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்துவந்த ஸ்காட்லாந்துக் குடும்பம் அவருடையது. படிப்பு பெங்களூரில், பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் பயில எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டவர், அப்படிப்பை விட்டுவிட்டுத் திரும்பினார். சில ஆண்டுகள் தபால் தந்தித் துறையில் வேலை பார்த்தார். பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடும் பிரிவில் மேலாளராக இருந்தார். கன்னடமும் தமிழும் பேசினார். விடுமுறை கிடைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி, பென்னாகரம் என்று கிளம்பிவிடுவார். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவானபோது இவ்வூர்கள் யாவும் அதில் அடங்கியிருந்தன. 2004-க்குப் பிறகு தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்குப் போய்விட்டது. காட்டுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது.

1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிச் சிறுத்தைகள் எட்டு, புலிகள் ஏழு என்பது பதிவான கணக்கு. இவற்றை எழுத்தில் வடித்த முதல் நூல் 1954-இல் வெளிவந்தது. சிவனிபள்ளியின் கருஞ்சிறுத்தையைத் தலைப்பில் தாங்கிய நூல் 1959-இல் வந்தது. கதைக்குக் கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்திருப்பார் என்று ஐயுறுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் ஊர், ஓடை, மலைப்பாதை ஆகியவற்றை அவர் எழுதியிருக்கும் விதத்தைப் படித்தால், அங்கெல்லாம் கால் தேய நடந்தவர் என்பது புரியும்.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். அவர் நெடுங்காலம் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். வடிவமைத்தவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். அந்தத் தோட்டா 1904-இல் வெளிவந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் இதே வகைத் துப்பாக்கியுடன் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனார். அதன் குண்டின் எடை 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19 கிராம். தோட்டாப் பெட்டி விசைக்கு முன்னால், அடிப்புறத்தில், கழற்ற முடியாதபடி அமைந்திருக்கும். அதில் நான்கு தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்.

இது தானியங்கித் துப்பாக்கி அன்று. அரைத் தானியங்கியில், வெடித்த மருந்தின் வாயுவோ பின்னுதைப்போ தாழைப் பின்னுக்குத் தள்ளி வெற்றுக்கூட்டை வெளியே எறிகிறது. சுருள்வில் தாழை முன்னுக்குக் கொணர்கிறது. வரும் வழியில் அது பெட்டியின் மேல்தோட்டாவைத் தள்ளிக் குழலின் அறைக்குள் செருகுகிறது. வின்செஸ்டரில் இத்தனை வேலையையும் செய்வது வேட்டைக்காரனின் வலக்கை. விசையைச் சுற்றியுள்ள லிவரைக் கீழே தள்ளினால் தாழ் பின்வாங்கிக் கூட்டைக் கக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போகும்.

ஆகவே, சிக்கல்களும் அதே சிக்கல்கள்தாம்; குற்றவாளி மட்டும் சில வேளைகளில் வேறு. அரைத் தானியங்கியில் தோட்டா வலுக்குறைவானாலோ, வாயுத் துளையில் கரி அடைந்தாலோ, தாழ் முழுத் தொலைவு பின்வாங்காது. கூடு பாதியில் சிக்கும், அல்லது புதிய தோட்டா மேலே வருமுன் தாழ் மூடிவிடும். வின்செஸ்டரில் இதே கோளாறு பதற்றத்தால் வரும். புலி பாய்கிறது என்ற அச்சத்தில் லிவரைப் பாதிவழியில் மடக்கிவிட்டால் வெற்று அறையின்மேல் தாழ் மூடிக்கொள்ளும். விசையை இழுத்தால் சுத்தியலின் ஓசை மட்டும் கேட்கும். அதைப் போன்ற கொடிய ஓசை காட்டில் வேறு இல்லை.

அடுத்தது விளிம்பு. .405 தோட்டாவின் அடியில் புடைத்த விளிம்பு உண்டு. என்.சி.சி.யில் .303 பிடித்துப் பார்த்த நண்பர்களுக்கு இது தெரியும். இத்தகைய தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கும்போது, மேலதன் விளிம்பு கீழதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் விழுந்துவிட்டால், மேல்தோட்டா நகரும்போது கீழ்த்தோட்டாவையும் பிடித்து இழுக்கும், இரண்டும் பூட்டிக்கொள்ளும். மாலை வெளிச்சத்தில் நிதானமாக அடுக்குபவனுக்கு இது ஒரு நொடி வேலை. இருட்டில் தடவி அடுக்குபவனுக்கு அப்படியன்று.

மூன்றாவது, நம் ஊர்த் தட்பவெப்பம். காவிரிக்கரைக் காட்டில் மழைக்காலத்தில் பித்தளைக் கூட்டில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பேறிய தோட்டா அறைக்குள் முக்கால் பங்கு போய் நின்றுவிடும். போனாலும், சுட்ட பிறகு வெளியே வர மறுக்கும். வேட்டைத் துப்பாக்கிகளின் காகிதக் கூட்டுத் தோட்டாக்கள் இன்னும் மோசம். ஈரத்தில் உப்பிக் குழலுக்குள் நுழையவே நுழையா. கோடையிலோ செம்புழுதி. எண்ணெய் மிகுதியாகப் பூசிய துப்பாக்கியில் அப்புழுதி ஒட்டிச் சாந்தாகிவிடும். எண்ணெய் போடாதவன் அழித்த துப்பாக்கிகளுக்கு ஈடாக, எண்ணெய் கொட்டியவன் அழித்தவையும் இருக்கும் என்பது என் எண்ணம்.

கோளாற்றைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துப்பாக்கியைக் காலியாக்கி, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு ஐயம் தோட்டாவின்மேல் விழ வேண்டும்: நசுங்கல், களிம்பு, உப்பல். அடுத்துப் பெட்டி: அதன் வில் தளர்ந்ததா, வாய் வளைந்ததா. அதன்பின் அறை. இயந்திரத்தின் உள்ளுறுப்புகளைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அனுபவமில்லாதவர்கள் திருப்புளியோடு அங்கேதான் தொடங்குவார்கள்! தொழிற்சாலையில் வேலைகளை வரிசைப்படுத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஆண்டர்சனுக்கு இந்த ஒழுங்கு இயல்பாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

வசதி படைத்த வேட்டைக்காரர்கள் இச்சிக்கலை வேறு வழியில் தவிர்த்தார்கள். இரட்டைக்குழல் ரைஃபிளில் இரண்டு குழல், இரண்டு தோட்டா. இரண்டாவது வெடிக்கு எதையும் ஏற்ற வேண்டியதில்லை. ஜிம் கார்பெட்டிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் அதன் விலை மாதச் சம்பளக்காரருக்கு எட்டாதது.

ஆண்டர்சன் பரணில் அமர்ந்த இரவுகளில் துப்பாக்கிக் குழலோடு டார்ச் விளக்கைப் பொருத்தி வைத்திருப்பார். விளக்குப் போட்டதும் விலங்கு திகைத்து நிற்பது சில நொடிகளே. முதல் தோட்டா முன்கூட்டியே அறையில் இருக்கும். அது தவறினால் இரண்டாவது தோட்டாவை ஏற்றும் லிவரின் ஓசையே அவர் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

துப்பாக்கி மக்கர் செய்தால் ஆபத்து அதைப் பிடித்திருப்பவனுக்கு மட்டுமன்று. இதை ஆண்டர்சனின் நூல்களைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். புலி ஏன் மனிதனைத் தின்னத் தொடங்குகிறது என்பதற்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணங்களில் ஒன்று, ஆறாத காயம். நாட்டுத் துப்பாக்கிக் குண்டு காலையோ தாடையையோ கெடுத்துவிட்டால், அதற்கு மானையும் காட்டுப்பன்றியையும் பிடிக்க முடியாது. விறகு பொறுக்கப் போகும் கிழவியைப் பிடிக்கலாம். முதல் குண்டில் காயம்பட்டு, இரண்டாவது தோட்டா சிக்கியதால் தப்பிப்போன புலியும் அப்படித்தான். அதற்குரிய விலையைப் பத்து மைல் அப்பாலுள்ள ஏதோ ஒரு பட்டி கொடுக்கும்.

அவருக்குக் காடு கற்பித்தவர்களில் ஒருவர் சின்னாற்றுப் பக்கத்துப் பூசாரிப் பழங்குடியைச் சேர்ந்த பைரா. பைராவிடம் இருந்தது வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. அதில் தோட்டாப் பெட்டியும் இல்லை, தாழும் இல்லை, சிக்குவதற்கு எதுவுமே இல்லை. மருந்தைக் கொட்டி, துணியைத் திணித்து, குண்டைப் போட்டு இடித்தால் ஒரே ஒரு வெடி. மருந்து நமத்துப்போனால் அதுவும் இல்லை. அவ்வளவு குறைந்த கருவியோடு பைரா காட்டில் உயிர் வாழ்ந்தார். இருவரில் யார் பெரிய வேட்டைக்காரர் என்ற கேள்விக்கு ஆண்டர்சனின் எழுத்திலேயே விடை தெரிகிறது. பைராவைப் பற்றி எழுதுமிடத்தில் அவர் குரல் மாணவனின் குரலாகிவிடுகிறது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காடு சுருங்குவதையும் விலங்குகள் குறைவதையும் கண்டு வருந்தியே ஆண்டர்சன் தம் பிற்கால நூல்களை எழுதினார். 1974 ஆகஸ்டில் புற்றுநோயால் மறைந்தார். பழைய காடுகளைப் பற்றிய அவருடைய கடைசி நூல் 1976-இல்தான் அச்சேறியது. அவர் திரிந்த காட்டின் ஒரு பகுதி 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒகேனக்கல் பேருந்தில் அடுத்த முறை போகும்போது, மலையிறங்கும் இடத்தில் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பாருங்கள்.