ஜாயா சொன்ன "ஆம்"

மர்ஹூம் கலாநிதி டி.பி. ஜாயா அவர்களைக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். மன்னார்த் தீவில் வளர்ந்த எனக்கு, சபையில் வாக்களித்த ஜாயாவைப் பற்றி எழுதவே விருப்பம்.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890 ஜனவரி 1 ஆம் திகதி, கண்டி மாவட்டத்துக் கலகெதரயில் மலாய்க் குடும்பமொன்றில் பிறந்தார். பௌத்தர்களின் ஆனந்தா கல்லூரியில் படிப்பித்தார். 1921 இல் ஸாஹிராவைப் பொறுப்பேற்றுக் கால் நூற்றாண்டுக்கு மேல் நடத்தினார். கம்பளை, மாத்தளை, புத்தளம் என்று அதன் கிளைகளும் எழுந்தன. அந்தக் கதை நீங்கள் அறிந்ததே.

1936 இல் அவர் அரசாங்க சபைக்குள் சென்றது தேர்தலில் வென்று அல்ல, தேசாதிபதியின் நியமனத்தால். வெள்ளையர் ஆட்சி தந்த ஆசனம் அது. அதில் இருந்துகொண்டு அந்த ஆட்சி போகவேண்டும் என்பதற்கு அவர் என்ன சொல்வார்?

சபையில் வாக்கெடுப்பு நடக்கும் முறையைத் தங்கைமாருக்காகச் சொல்லிவிடுகிறேன். சபாநாயகர் பிரேரணையைச் சபைக்கு விடுவார். உறுப்பினர்கள் "ஆம்" என்றும் "இல்லை" என்றும் குரல் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் கூடுதல் என்று அவர் அறிவிப்பார். அதை ஏற்காத உறுப்பினர் வாக்கெடுப்புக் கேட்கலாம். அப்போது மணி ஒலிக்கும். வெளியே நிற்பவர்களும் உள்ளே ஓடிவருவார்கள். பிறகு யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு ஹன்சாட்டில் அச்சாகும். கூட்டத்தோடு கூட்டமாகக் குரல் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட அங்கே வழியில்லை.

1945 மார்ச்சில் சுதந்திர இலங்கை மசோதா 40 க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. நவம்பரில் சோல்பரி யாப்பை ஏற்கும் பிரேரணைக்கு ஆதரவாக 51 பேர், எதிராக 3 பேர். இரண்டிலும் ஜாயா "ஆம்" பக்கம் நின்றார்.

இது இலகுவான முடிவல்ல. 1915 ஆம் ஆண்டுக் கலவரம் கண்டியில் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து. முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் பட்ட பாட்டை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. சிதறி வாழும் சிறு சமூகம். வெள்ளைக்காரன் போனபின் யார் காப்பு என்ற பயம் நியாயமானது. பேரம் பேசவும் அது நல்ல தருணம். ஜாயா பேரம் பேசவில்லை. நாட்டின் விடுதலை என்று வரும்போது முஸ்லிம்கள் தங்கள் நலனை விட்டுக்கொடுக்கவும் ஆயத்தம் என்பதே அவர் பேச்சின் சாரம். எந்தச் சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றலாகாது என்ற 29 ஆம் பிரிவு யாப்பில் இருந்தது. அதை நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு வெகு விரைவிலேயே சோதனை வந்தது. 1947 தேர்தலில் கொழும்பு மத்தியில் வென்ற ஜாயா, தொழில், சமூக சேவை அமைச்சரானார். நம் மன்னாரின் முதல் பாராளுமன்ற உறுப்பினர் சி. சிற்றம்பலமும் தபால் அமைச்சராக அதே அமைச்சரவையில் இருந்தார். அந்த அமைச்சரவை கொண்டுவந்ததுதான் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள்.

மன்னாராருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. அந்த மக்களின் முன்னோர் கால்நடையாகக் கடந்த காடு நம் பக்கத்துக் காடு. 1964 ஒப்பந்தத்தின் பின் திரும்ப அனுப்பப்பட்டவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் கப்பலேறிய துறை நம் தலைமன்னார்.

அமைச்சராக இருப்பவர் அரசின் சட்டமூலத்தை எதிர்ப்பதானால் பதவியை விட்டுத்தான் எதிர்க்கலாம். அயல் தொகுதியான வவுனியாவின் உறுப்பினர் சி. சுந்தரலிங்கம் இந்தியர் பிரச்சினையில் அமைச்சர் பதவியைத் துறந்தார். ஜாயா துறக்கவில்லை. 1945 இல் அவர் விட்டுக்கொடுத்தது தம் சமூகத்தின் பங்கை; 1948 இல் போனது வேறொரு மக்களின் உரிமை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியவில்லை. அவர் மீதுள்ள மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

1950 இல் பாகிஸ்தானுக்கான உயர்ஸ்தானிகராகச் சென்றார். ஹஜ் பயணம் போயிருந்தபோது 1960 மே 31 ஆம் திகதி மதீனாவில் வபாத்தானார். ஜன்னத்துல் பகீயில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.