நாட்டுக்காகக் குத்தினார், வரிக் கடனில் சிக்கினார்: ஜோ லூயிஸின் கதை

நியூயார்க் யாங்கி அரங்கில் 1938 ஜூன் 22-ஆம் தேதி இரவு சுமார் 70,000 பேர் திரண்டிருந்தனர். தாமதமாக வந்தவர்கள் ஆட்டத்தைத் தவறவிட்டிருப்பார்கள். ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடிகளில் வீழ்த்திவிட்டார் ஜோ லூயிஸ்.

1936-இல் இதே ஷ்மெலிங்கிடம் 12-ஆவது சுற்றில் தோற்றவர்தான் லூயிஸ். அந்தத் தோல்வியை ஆரிய இனத்தின் வெற்றியாக ஹிட்லரின் அரசு பறைசாற்றியது. ஷ்மெலிங்கோ நாஜிக் கட்சியில் சேராதவர். அவருடைய அமெரிக்க மேலாளர் ஒரு யூதர்.

அலபாமாவில் பருத்தி பயிரிட்ட குத்தகை விவசாயக் குடும்பத்தில் 1914-இல் லூயிஸ் பிறந்தார். பின்னர் குடும்பம் டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. வயலின் கற்கத் தாயார் கொடுத்த காசு குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போனது. 1937-இல் ஜேம்ஸ் பிராடாக்கை வென்று ஹெவிவெயிட் உலக வெற்றியாளரானார். பட்டத்தை 25 முறை தற்காத்து, 1949 வரை கிட்டத்தட்ட 12 ஆண்டுகள் வைத்திருந்தார்.

போர்க்காலத்தில்தான் சிக்கல் தொடங்கியது. 1942 ஜனவரியில் பட்டி பேயருடன் மோதிக் கிடைத்த தொகையைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அப்போது கறுப்பினத்தவரைச் சமையல், பரிமாறும் வேலைகளுக்கே சேர்த்துக்கொண்ட கடற்படை அது! மார்ச்சில் ஏப் சைமனுடன் மோதிய வருமானம் தரைப்படை நிதிக்குச் சென்றது. லூயிஸும் ராணுவத்தில் சேர்ந்து, வீரர்களுக்காக ஏறக்குறைய 100 காட்சிப் போட்டிகளில் பங்கேற்றார்.

கொடுத்த பணத்தையும் அவருடைய வருமானமாகவே கணக்கிட்டது வரித்துறை. அவரிடமும் குறை இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்தார். கணக்கு வழக்கைக் கவனிக்கவில்லை. வட்டியும் அபராதமும் சேர்ந்து கடன் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. அதை அடைக்கவே ஓய்விலிருந்து மேடைக்குத் திரும்பினார். 1950-இல் எசார்ட் சார்ல்ஸிடம் தோற்றார். மறு ஆண்டு இளைஞர் ராக்கி மார்சியானோ 8-ஆவது சுற்றில் அவரை வீழ்த்தினார். பிறகு மல்யுத்தம்கூடச் செய்தார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியொன்றில் விருந்தினரை வரவேற்கும் வேலை.

1954-இல் ஷ்மெலிங் அமெரிக்கா வந்து அவரைத் தேடிச் சந்தித்தார். பின்னர் கொக்கா கோலா வணிகத்தில் வசதியான அவர், நண்பருக்குப் பண உதவியும் செய்தார்.

1981 ஏப்ரல் 12-ஆம் தேதி லூயிஸ் காலமானார். அதிபர் ரீகன் விதிகளைத் தளர்த்தியதால் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பகுதியை ஷ்மெலிங் ஏற்றுக்கொண்டார்.